ஒரே வேலைக்கு ஏழெட்டு சேவைகள்: கிளவுடில் எதை எடுப்பது?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உட்கார்ந்து நீங்கள் ஒரு சின்ன ஆப் செய்வதாக வைத்துக்கொள்வோம். தோவாளை பூச்சந்தை வியாபாரி ஒருவர் கேட்கிறார். விடியற்காலையிலேயே பிச்சி, மல்லி, சம்பங்கி, கிரேந்தி என்று ஒவ்வொரு பூவுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். அதை அவர் போனில் தட்டிவிட்டால், வாடிக்கையாகப் பூ எடுக்கும் கடைக்காரர்கள் எல்லோருக்கும் உடனே போய்ச் சேர வேண்டும். இங்கே உள்ளவர்களுக்கும் சரி, திருவனந்தபுரம் பக்கம் உள்ளவர்களுக்கும் சரி. எந்தப் பூ எத்தனை கிலோ வேண்டும் என்று அவர்கள் பதில் அனுப்புவார்கள். வண்டி கிளம்புவதற்குள் கணக்கு தயாராக இருக்க வேண்டும்.

ப்ரோகிராம் ஓட ஓர் இடம், விலையையும் ஆர்டரையும் சேமித்து வைக்க ஓர் இடம், செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி. இந்த மூன்றும் இருந்தால் வேலை நடந்துவிடும். இவற்றையெல்லாம் இணையம் வழியே வாடகைக்குத் தருவதுதான் கிளவுட். இதற்காக அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். என்ற கிளவுடில் ஒரு கணக்கைத் தொடங்கி உள்ளே போனால், இருநூறுக்கும் மேற்பட்ட சேவைகள் வரிசைகட்டி நிற்கும். ப்ரோகிராமை ஓட்ட மட்டும் இ.சி.2, லைட்செயில், பீன்ஸ்டாக், இ.சி.எஸ்., இ.கே.எஸ்., லாம்ப்டா. செய்தி கடத்த எஸ்.க்யூ.எஸ்., எஸ்.என்.எஸ்., ஈவென்ட்பிரிட்ஜ், கினெசிஸ், அமேசான் எம்.க்யூ., எம்.எஸ்.கே. மைக்ரோசாஃப்டின் அஷூருக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே செய்தி கடத்த சர்வீஸ் பஸ், ஈவென்ட் கிரிட், ஈவென்ட் ஹப்ஸ், க்யூ ஸ்டோரேஜ் என்று நான்கு இருக்கின்றன. இவற்றில் எதை எடுப்பது என்று ஒப்பிட்டுச் சொல்வதற்காகவே மைக்ரோசாஃப்டும் அமேசானும் தனி வழிகாட்டிப் பக்கங்கள் எழுதி வைத்திருக்கின்றன. விற்பவர்களே அப்படி எழுத வேண்டியிருக்கிறது என்றால், புதிதாக வருபவருக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை.

நிறைய இருப்பது மட்டும் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர் பழக்கடையில் மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பாளையங்கோட்டான் என்று எத்தனை குலை தொங்குகிறது! யாரும் திணறுவதில்லை. குழந்தைக்குக் கொடுக்க மட்டி, சிப்ஸ் போட ஏத்தன் என்று எது எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். கிளவுடில் அந்தத் தெளிவு கிடையாது. இரண்டு மூன்று சேவைகள் ஒரே வேலையில் முக்கால் பங்கைச் செய்யும். மீதிக் கால் பங்கில்தான் வித்தியாசம் இருக்கும். அந்தக் கால் பங்கு உங்களுக்குத் தேவையா இல்லையா என்பது, கட்டி முடித்து ஓட்டிப் பார்க்கும்வரை தெரியாமலும் போகலாம்.

எப்படி இவ்வளவு சேர்ந்தது?

2006-ல் தொடங்கியபோது ஏ.டபிள்யூ.எஸ். எளிமையாகத்தான் இருந்தது. அந்த வருடம் மார்ச்சில் ஃபைல் சேமிக்க எஸ்3 வந்தது. ஆகஸ்டில் சர்வர் வாடகைக்கு எடுக்க இ.சி.2 வந்தது. எஸ்.க்யூ.எஸ். என்ற செய்தி வரிசையும் அதே காலத்தது. ஃபைலுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று.

அதன்பிறகு சேர்ந்துகொண்டே போனது. அமேசானில் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து வேலை செய்வார்கள். இரண்டு பீட்சா வாங்கினால் குழு முழுக்கச் சாப்பிடலாம் என்கிற அளவுக்குத்தான் ஒரு குழு இருக்க வேண்டும் என்பது அங்கே பேர்போன விதி. ஒவ்வொரு குழுவுக்கும் தன் சேவை, தன் வாடிக்கையாளர், தன் வேகம். வேகமாகப் புதியவற்றைக் கொண்டுவர இது நல்ல ஏற்பாடு. பக்கத்துக் குழுவின் சேவையோடு எங்கே மோதுகிறது என்று பார்த்து ஒழுங்குபடுத்த இந்த ஏற்பாட்டில் இடம் குறைவு.

வெளியில் இருந்து வந்த அழுத்தம் இன்னொரு காரணம். 2013-ல் டாக்கர் வந்தது. ஒரு ப்ரோகிராமையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, எந்த சர்வரிலும் ஓட்டலாம் என்றானது. அந்தப் பொட்டலம்தான் கன்டெய்னர். நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை மேய்க்க 2014-ல் கூகுள் குபர்நெட்டிஸை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே வருடக் கடைசியில் அமேசான் தன் வழியில் இ.சி.எஸ்.ஸை அறிவித்தது. ஆனால் உலகம் குபர்நெட்டிஸ் பக்கம் சாய்ந்தது. வாடிக்கையாளர்கள் விடவில்லை. 2018-ல் குபர்நெட்டிஸுக்காக இ.கே.எஸ். வந்தது. இ.சி.எஸ்.ஸை எடுத்துவிட முடியுமா? முடியாது, அதற்குள் அதை நம்பி எத்தனையோ நிறுவனங்கள் கட்டிவிட்டன. ஆக இரண்டும் இருந்தன. இதற்கிடையே 2017-ல் ஃபார்கேட் வந்தது. அது தனியாக நிற்பதில்லை, இ.சி.எஸ்.ஸுக்கும் இ.கே.எஸ்.ஸுக்கும் அடியில் இருந்து சர்வர் பார்க்கும் வேலையை ஏற்றுக்கொள்கிறது. அதற்கும் முன்பே, 2011-ல், ‘ப்ரோகிராமை மட்டும் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பீன்ஸ்டாக் வந்திருந்தது. கிட்டத்தட்ட அதே வாக்குறுதியோடு 2021-ல் ஆப் ரன்னர் வந்தது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் அந்த நேரத்தில் நியாயம் இருந்தது. ஒரு சேவையை மூடினால் அதை நம்பியவர் தவித்துப் போவார். கூகுள் 2023 ஆகஸ்டில், இணையத்தோடு சேர்ந்து இயங்கும் கருவிகளுக்கான ஐ.ஓ.டி. கோர் என்ற சேவையை நிறுத்தியது. கருவிகளை அதோடு இணைத்து வைத்திருந்தவர்கள் அவ்வளவையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அமேசான் பெரும்பாலும் மூடாது, சேர்த்துக்கொண்டே போகும். அதன் சிம்பிள்டிபி என்ற டேட்டாபேஸ் 2007 டிசம்பரில் வந்தது. 2012-ல் டைனமோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் வந்தபிறகு புதிதாக சிம்பிள்டிபியைத் தேடி வந்தவர்கள் குறைவு. ஆனாலும் 2024 வரை சிம்பிள்டிபியின் கதவு புதியவர்களுக்குத் திறந்தே இருந்தது.

ஆக, பழைய வாடிக்கையாளரைக் கைவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தின் சுமையைப் புதிய வாடிக்கையாளர் சுமக்கிறார். பழையதைக் காப்பாற்றுங்கள், சரி. ஆனால் புதிதாக வருபவரிடம் ‘இதில் தொடங்கு, அது பழையவர்களுக்காக வைத்திருக்கிறோம்’ என்று முகப்பிலேயே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இரண்டையும் சரிசமமாகக் காட்டுவது சரியல்ல.

செய்தி கடத்தும் சேவைகள், கொஞ்சம் கிட்டப் போய்

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள செய்தி கடத்தும் சேவைகளே நல்ல உதாரணம். அடிப்படையில் மூன்று விதமான வேலைகள் இருக்கின்றன. அவை மட்டும் மனதில் ஏறிவிட்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

முதலாவது, வரிசை. ஒரு கடைக்காரர் பத்து கிலோ மல்லி கேட்டு ஆர்டர் போடுகிறார். அந்தச் செய்தி வரிசையில் நிற்கும். உங்கள் ப்ரோகிராம் அதை எடுத்து, பில் போட்டு, முடிந்ததும் அழித்துவிடும். ஒரு செய்தியை ஒருவர் முடித்தால் போதும். எஸ்.க்யூ.எஸ். செய்வது இதைத்தான். எடுத்த செய்தி உடனே அழியாது. கொஞ்ச நேரம் மறைந்திருக்கும், நாமாக மாற்றாவிட்டால் 30 வினாடி. அதற்குள் வேலையை முடித்து அழிக்காவிட்டால், எடுத்தவர் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு அது திரும்ப வரிசையில் தோன்றும். செய்தி தொலைந்துபோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் இதன் விளைவாக ஒரே செய்தி இரண்டு தடவை வரவும் வாய்ப்பு உண்டு. உங்கள் ப்ரோகிராம் மெதுவாக ஓடி 31-வது வினாடியில் பில்லை முடித்தால், அதே பத்து கிலோ மல்லிக்கு இன்னொரு பில்லும் விழும். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பில் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. எந்த கிளவுடில் எந்த வரிசையை எடுத்தாலும் இந்தப் பழக்கம் வேண்டும். சேவைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இது பல மடங்கு முக்கியம் என்பேன்.

இரண்டாவது, பரப்புவது. மல்லி விலை மாறிவிட்டது. அது வாடிக்கையாளர் எல்லோருக்கும் போக வேண்டும், கணக்குப் பகுதிக்கும் போக வேண்டும். ஒரு செய்தி, பல பேர். எஸ்.என்.எஸ். இதற்காக 2010-ல் வந்தது.

மூன்றாவது, பதிவேடு. குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கிறது. எந்தக் குவியல் எந்த விலைக்கு, எதற்குப் பின் எது போனது என்று வரிசை மாறாமல் பதிவாக வேண்டும். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் திரும்பப் படிக்க வேண்டும். இன்று கணக்குக்காக ஒருவர் படிப்பார், அடுத்த வாரம் விலைப்போக்கு பார்க்க இன்னொருவர் அதையே முதலிலிருந்து படிப்பார். படித்ததும் அழிந்துவிடக் கூடாது. கினெசிஸும், காஃப்கா என்ற பதிவேட்டு மென்பொருளை நமக்காக நடத்திக்கொடுக்கும் எம்.எஸ்.கே.வும் இந்த வகை.

இதுவரை தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு சேவையும் வருடம் ஆக ஆகப் பக்கத்து வரப்பைத் தாண்டியது. எஸ்.க்யூ.எஸ்.ஸில் செய்திகள் முன்பின்னாக வரலாம் என்றிருந்தது; வந்த வரிசையிலேயே கொடுக்கும் வகையை 2016-ல் சேர்த்தார்கள். எஸ்.என்.எஸ். எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தது. யாருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் பிரித்து அனுப்பும் வசதி 2017-ல் வந்தது. அப்படிப் பிரித்து அனுப்புவதையே முக்கிய வேலையாகக் கொண்டு 2019-ல் ஈவென்ட்பிரிட்ஜ் வந்தது. 2020-ல் அது, போன செய்திகளைச் சேமித்துத் திரும்ப ஓட்டும் வசதியையும் சேர்த்துக்கொண்டது. அது பதிவேட்டின் வேலை அல்லவா? அமேசான் எம்.க்யூ. மட்டும் தனி ரகம். ஏற்கெனவே ஆக்டிவ்எம்.க்யூ. அல்லது ரேபிட்எம்.க்யூ. என்ற செய்தி கடத்தும் மென்பொருளை வைத்திருப்பவர்கள் ப்ரோகிராமை அதிகம் மாற்றாமல் கிளவுடுக்கு வருவதற்கானது அது. புதிதாகத் தொடங்குபவர் அதைப் பார்க்காமலே தாண்டிப் போகலாம்.

இப்போது ஒருவர் ‘வரிசை மாறக் கூடாது, பிரித்து அனுப்ப வேண்டும், பிறகு திரும்பப் படிக்கவும் வேண்டும்’ என்று கேட்டால் நான்கு சேவைகள் கை தூக்கும். அந்த நான்கும் ஏறக்குறைய செய்துகொடுக்கும். பில் மட்டும் நான்கு விதமாக வரும்.

பில்லில் தெரியும் வித்தியாசம்

வேலை ஒன்றாக இருந்தாலும் காசு கணக்கிடும் முறை வேறுவேறு. எஸ்.க்யூ.எஸ்.ஸில் கோரிக்கைக்கு, அதாவது செய்தியைப் போடுவது, எடுப்பது போன்ற ஒவ்வொரு செயலுக்கும், இவ்வளவு என்று கட்டணம். மாதத்துக்கு முதல் 10 லட்சம் கோரிக்கைகள் இலவசம். ஒரு பூ வியாபாரியின் ஆப்புக்கு அது தாராளம். எம்.எஸ்.கே.யில் காஃப்கா சர்வர்களை நிறுத்தினால், செய்தி வந்தாலும் வராவிட்டாலும் மணிக்கணக்கில் காசு ஓடும். இ.கே.எஸ்.ஸும் அப்படித்தான்: குபர்நெட்டிஸில் சேர்ந்து இயங்கும் ஒரு சர்வர் கூட்டத்தை (கிளஸ்டர்) நிர்வகிப்பதற்கு மட்டும் மணிக்கு 0.10 டாலர். கேட்கச் சின்னத் தொகை. மாதத்துக்குக் கூட்டினால் 73 டாலருக்குப் பக்கம், ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். உங்கள் ப்ரோகிராம் ஓடும் சர்வருக்கான வாடகை இதில் சேரவில்லை. ஓர் ஊர் வியாபாரி ஆப்புக்கு மாதம் எவ்வளவு தருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

லாம்ப்டா இதற்கு நேர் எதிர். எத்தனை தடவை கூப்பிட்டார்கள், ப்ரோகிராம் எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கு மட்டும் காசு. யாரும் கூப்பிடாத நேரத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு தடவை ஓடினால் அதிகபட்சம் 15 நிமிடம்தான். நீளமான வேலைகளுக்குச் சரிவராது.

காசைவிடப் பெரிய செலவு நேரம். நம் மாவட்டத்தில் இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. படித்து முடித்த பிள்ளைகள் கிளவுட் சான்றிதழுக்கு உட்காருகிறார்கள். ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் தொடக்கநிலைத் தேர்வில் 90 நிமிடத்தில் 65 கேள்வி. எந்தத் தேவைக்கு எந்தச் சேவை என்று பொருத்தும் கேள்விகள் அதில் நிறைய உண்டு. பட்டியலை உருப்போட்டால் தேர்வு கைகூடும். ஆனால் ‘ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால் உன் ப்ரோகிராம் என்ன செய்யும்?’ என்று நேர்காணலில் கேட்டால் உருப்போட்டது கைகொடுக்காது. சொல்லிக்கொடுப்பவர்கள் வரிசை, பரப்புவது, பதிவேடு என்று வேலையின் வகையை முதலில் சொல்லிவிட்டு, சேவையின் பெயரைப் பிறகு சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவோ நல்லது. பெயர் மாறும். கூகுள், லாம்ப்டா போன்ற தன் கிளவுட் ஃபங்ஷன்ஸ் சேவையை 2024-ல் கிளவுட் ரன் குடைக்குள் கொண்டுபோய்ப் பெயரையும் மாற்றிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2023-ல், யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் லாகின் சேவையான அஷூர் ஏ.டி.யை என்ட்ரா ஐ.டி. ஆக்கியது. வேலை அதேதான்.

சரி, பூச்சந்தை ஆப்புக்கு எதை எடுப்பது?

பட்டியலைத் திறக்காமல், முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்? எந்த நேரத்தில் கூட்டம்? எந்தச் செய்தி தொலைந்தால் நஷ்டம்? யார் இதைப் பராமரிப்பார்? இதற்குப் பதில் எழுதிவிட்டால் பல சேவைகள் தாமாகவே கழன்றுவிடும்.

விலைச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணி விலை ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை, ஆறு மணிக்குப் புது விலை வந்துவிட்டது. பழையது இனி யாருக்கும் வேண்டாம். அதைக் கட்டிக் காக்கப் பதிவேட்டுச் சேவை எதற்கு? கடைசி விலை டேட்டாபேஸில் இருக்கிறது, ஆப்பைத் திறந்தால் தெரியும். போனில் மணி அடிக்க, நோட்டிஃபிகேஷன் அனுப்பும் கூகுளின் எஃப்.சி.எம். சேவை போதும், அதற்குக் கட்டணமே இல்லை. ஆர்டர் அப்படியல்ல. அது தொலைந்தால் ஒருவருடைய கடையில் அன்றைக்குப் பூ இருக்காது. அது டேட்டாபேஸில் எழுதப்பட்டு, எழுதியாயிற்று என்று கடைக்காரருக்குப் பதில் போன பிறகுதான் ஆர்டர் ஆனதாகக் கணக்கு.

டேட்டாபேஸாக நான் போஸ்ட்கிரெஸ்தான் எடுப்பேன். ஏ.டபிள்யூ.எஸ்., அஷூர், கூகுள் மூன்றிலும் கிடைக்கும், சொந்த சர்வரிலும் ஓடும். நாளை இடம் மாற நினைத்தால் டேட்டாவை இறக்கி எடுத்துப் போகலாம். டைனமோடிபி பெரிய கூட்டத்தை அசராமல் தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கென்று எழுதிய ப்ரோகிராமை வேறு கிளவுடுக்குக் கொண்டுபோவது என்றால் கணிசமான பகுதியைத் திரும்ப எழுத வேண்டிவரும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சேவைகளில் எது என்று தெரியாதபோது, எதிலிருந்து வெளியே வருவது எளிது என்று பாருங்கள். அதிக அம்சம் உள்ளதைவிட அதுதான் பிழைப்புக்கு உதவும்.

பில் தயாரிப்பது போன்ற பின்னணி வேலைக்கு வரிசை தேவைப்பட்டால், தொடக்கத்தில் அதையும் போஸ்ட்கிரெஸிலேயே ஒரு டேபிளாக வைத்துக்கொள்ளலாம். ‘ஸ்கிப் லாக்ட்’ என்ற வசதி 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது: ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கும் வரியைத் தாண்டி, அடுத்தவர் அடுத்த வரியை எடுப்பார். சின்ன அளவுக்கு இது நன்றாகவே ஓடும். ப்ரோகிராமை ஒரு கன்டெய்னராகக் கட்டி, லைட்செயில் போல மாதக் கட்டணம் முன்கூட்டியே தெரிந்த ஒரு சின்ன சர்வரில் ஓட்டுங்கள். டேட்டாபேஸின் நகல் தினமும் வேறோர் இடத்தில் சேர்கிறதா என்றும், அந்த நகலிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்றும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

இடத்தையும் கவனிக்க வேண்டும். ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு மும்பையிலும் (2016) ஹைதராபாத்திலும் (2022) சர்வர்கள் இருக்கும் தளங்கள் உண்டு. அஷூருக்கு சென்னையிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் எல்லாச் சேவையும் எல்லாத் தளத்திலும் கிடைப்பதில்லை. ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த சேவையை நம்பித் திட்டம் போடுமுன், அது நீங்கள் எடுக்கும் தளத்தில் இருக்கிறதா, புதியவர்களுக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று அதன் பக்கத்தில் பாருங்கள். கணக்குத் தொடங்கிய அன்றே, பில் இவ்வளவைத் தாண்டினால் மெயில் அனுப்பு என்று பட்ஜெட் எச்சரிக்கையும் போட்டுவிடுங்கள்.

ஓணம் சமயத்தில் கதை மாறும். தோவாளையிலிருந்து கேரளத்துக்குப் பூ ஏறும் அந்த நாட்களில் ஆர்டர்கள் மளமளவென்று வந்து விழும். பில் போடும் ப்ரோகிராம் திணறி, ஆர்டர் வாங்கும் பகுதியையும் சேர்த்து இழுத்து மெதுவாக்கினால், இரண்டையும் பிரித்து நடுவே எஸ்.க்யூ.எஸ்.ஸை வைக்க அதுதான் நேரம். ஆர்டருக்கு முதலிலேயே எண் கொடுத்துப் பழகியிருந்தால் இந்த மாற்றம் பெரிய வேலை இல்லை. கடைக்காரர் கையில் இருக்கும் ஆப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.